பெருவிரல் கொடுக்காத சபூறா

என் தங்கச்சி சபூறா தோற்க வேண்டிய இடங்களில் வென்றவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். ஏழு வயதில் நெருப்புக்காய்ச்சலை வென்றாள்; அதே மாதம் அதே காய்ச்சலுக்கு எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவுக்குள்ளேயே, மூன்று பிள்ளைகளை அடக்கம் செய்தோம். 1978ஆம் ஆண்டுச் சூறாவளியில் தறிக்கொட்டிலின் கூரை பறந்தபோது பதினொரு கட்டு நூலையும் ஒரு துளி நனையாமல் காத்தாள். கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர் மீராசாஹிபுவை அவருடைய மேசைக்கு முன்னாலேயே வாயடைக்க வைத்தாள். பத்திரிகையில் வந்த பத்தொன்பது கொலை வழக்குகளில் பதினாறுக்குத் தீர்ப்பை முன்கூட்டியே சரியாகச் சொன்னாள். மற்ற மூன்றிலும் நீதிபதிதான் பிழை விட்டார் என்பது அவளுடைய கட்சி. இவ்வளவும் ஓர் எழுத்துக்கூடத் தெரியாமல்.

காய்ச்சல் விட்ட பிறகு உம்மா அவளைப் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. நானும் வாப்பா மௌத்தானதும் ஐந்தாம் வகுப்போடு தறியில் உட்கார்ந்தவன். மருதமுனையில் நெய்கிற வீடுகளில் இதெல்லாம் பெரிய செய்தி அல்ல. நான் இடுப்பில் கட்டும் சாறன் நெய்வேன். அவள் பக்கத்தில் இருந்து நூல் சுற்றுவாள்.

கொழும்புப் பத்திரிகை அப்போது பகல் பஸ்ஸில் வரும். அபுல் ஹஸனின் தேத்தண்ணிக் கடையில் எல்லாரும் பார்த்து முடிந்து, பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகுதான் என் கைக்குக் கிடைக்கும். முதற்பக்கம் மடிப்புக் குலையாமல் இருக்கும். வழக்குகள் வரும் பக்கம் மட்டும் பராட்டா எண்ணெய் ஊறிக் கண்ணாடி போல ஆகியிருக்கும். அமைச்சர் எந்தப் பாலத்தைத் திறந்து வைத்தார் என்று எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்கும் தெரியாது. தெற்கே யாரோ ஒரு முதலாளியின் மனைவி கடைசியாகக் குடித்த கோப்பிக்கு எத்தனை கரண்டி சீனி போட்டார்கள் என்று கேட்டால் பால்குடிப் பிள்ளையும் விரலைக் காட்டும்.

நான் சத்தமாக வாசிப்பேன். பெண்கள் தங்கள் தங்கள் நூலோடு வந்து கொட்டிலில் இருந்து கேட்பார்கள். பக்கத்து வீட்டு றாஹிலா சாச்சி மட்டும் உள்ளே வரமாட்டா. கொலைக் கதை கேட்பது பாவம் என்று அவ வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பா. நான் குரலைத் தாழ்த்தினால், "சத்தமாப் படி மகன். பாவமெண்டாலும் அரையும் குறையுமாக் கேட்கப்படாது" என்பா.

சபூறா ஒருமுறை கேட்டதை மறக்கமாட்டாள். ஆனால் கேட்டபடியே வைத்திருக்கவும் மாட்டாள். பத்திரிகையில் 'கூரிய ஆயுதம்' என்று இருந்தது அடுத்த நாள் கிணற்றடியில் மாட்டுக்கொம்புப் பிடி போட்ட கத்தியாகிவிடும்.

1979ஆம் ஆண்டு ஒரு வழக்கு வந்தது. ஒருவன் கொலை செய்துவிட்டுத் தொட்ட இடமெல்லாம் துடைத்திருக்கிறான். விளக்குச் சிமினியை மட்டும் மறந்துவிட்டான். அதில் பதிந்த பெருவிரலைக் கொழும்பில் இருந்த பதிவோடு ஒத்துப் பார்த்து, ஒரே நாளில் ஆளைப் பிடித்தார்கள். சபூறா அதை மூன்று தரம் வாசிக்கச் சொன்னாள்.

"காக்கா, கொழும்பில எல்லாற்ற விரலும் இரிக்கா?"

"குடுத்த ஆக்கள்ற இரிக்கும்."

"ஆரு குடுத்த?"

தறியில் ஓர் இழை அறுந்திருந்தது. என் கவனம் அதில். "கையெழுத்துத் தெரியாம விரல் வைக்கிற ஆக்கள்தான்" என்று சொல்லிவிட்டேன். இந்தப் பிழை என்னுடையது. அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

அடுத்த மாதம் சங்கக்கடைக்கு மண்ணெண்ணெய் வாங்கப் போன பெண்களில் இருபத்து மூன்று பேர் கையை முக்காட்டுக்குள் வைத்துக்கொண்டார்கள். முன்னுக்கு நின்றவள் சபூறா.

"விரல வை புள்ள" என்றார் மீராசாஹிபு.

"எதுக்கு?"

"எண்ணெய் வாங்கினதுக்கு."

"நாங்க எண்ணெய் வாங்கினது கொழும்புக்கு எதுக்கு மனேஜர்? நாளைக்கு எங்கயாலும் ஒரு கொலை நடந்தா எங்கட விரலயும் வெச்சுப் பார்க்கவா?"

"கொலை செய்யாட்டி ஒனக்கென்ன பயம்?"

"சிமினி வழக்குக்காரனுக்கும் பொலிசு இதத்தான் சொன்ன."

மீராசாஹிபு மைப்பெட்டியை மூடினார். அன்றிலிருந்து கணவன்மாரோ ஆண்மக்களோ வந்து கையெழுத்து வைக்கலாம் என்று விட்டுவிட்டார். பின்னேரம் அபுல் ஹஸன் கடையில், சிமினியின் உட்பக்கத்தையும் அந்தக் கொலைகாரன் துடைக்கவில்லையா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

1981இல் அவளுக்கு நற்பிட்டிமுனையில் மாப்பிள்ளை சரிவந்தது. பெயர் மர்சூக். வயற்காரர். சாறன் வாங்க வந்த ஒரு நாள் கொட்டிலுக்கு வெளியே நின்று நான் வாசித்ததைக் கேட்டுவிட்டு, "மச்சான்காரன்தான் செஞ்சிரிப்பான்" என்றார். சபூறாவின் தீர்ப்பும் அதுதான். "பேசினா இவரையே பேசுங்க" என்று அன்றைக்கே உம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. நிக்காஹ் எழுதும்போது பெண் எதிலும் கையெழுத்து வைக்கத் தேவையில்லை. அவளுக்காக நான் வைப்பேன். ஆனால் உம்மா தன் வீட்டை அவளுக்கு எழுதும் சீதன உறுதிப் பத்திரத்தில், ஏற்றுக்கொண்டேன் என்று அவளேதான் அடையாளம் வைக்க வேண்டும். ஓகஸ்ட் 10, திங்கட்கிழமை, பத்திரம் எழுதும் கல்முனை நொத்தாரிசு அழகரெத்தினம் ஐயாவின் கந்தோருக்குப் போனோம். அவர் மைப்பெட்டியைத் திறந்தார். சபூறா கையை மடக்கிக்கொண்டாள்.

"முப்பது வருஷமா உறுதி எழுதிறன். வீடு வேணாமெண்ட பொம்பிளையை இப்பதான் காணுறன்" என்றார் ஐயா.

"வீடு வேணும் ஐயா. விரல்தான் தரமாட்டன். இந்த உறுதி எங்க போகும்?"

"ஒரு பிரதி காணிக் கந்தோருக்குப் போகும்."

"அங்கயிருந்து?"

"அங்கயே இருக்கும் தங்கச்சி."

"ஆரு கண்ட?"

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப நீங்க கையெழுத்துத்தான் வைக்க வேணும். தெரியுமா?"

"கையெழுத்தெண்டா நல்லம். கள்ளக் கையெழுத்து வழக்கெல்லாம் ஏழு வருஷம் இழுபடும். விரல் வழக்கு ஒரு நாளில முடியும்" என்றாள் சபூறா. அடுத்த கிழமை வியாழனுக்கு வருவதாகத் தவணையும் கேட்டு வாங்கினாள்.

நாங்கள் வீடு வந்து சேருமுன் செய்தி நற்பிட்டிமுனைக்குப் போய்விட்டது. புதன்கிழமை மர்சூக்கின் தாய் ஆயிஷா உம்மா வந்தா. கையில் வெற்றிலை இல்லை. சம்பந்தம் பேசிய வீட்டுக்கு வெறுங்கையோடு வருவது அதை முறிக்கத்தான் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"விரல் வைக்கப் பயப்படுற புள்ள என்னத்தையோ செஞ்சிரிக்கும்" என்றா. "நானும் வழக்குக் கேட்டுத்தான் இரிக்கன். அடுத்த கிழமை வியாழன் உறுதி முடியோணும். இல்லாட்டி பாலமுனையில ஒரு இடம் கேட்டு வந்திரிக்கு."

அதன் பிறகு எங்கள் ஒழுங்கை விசாரணையைத் தொடங்கியது. நான்கு வருடமாக நான் வாசித்துக் கொடுத்த பாடம் அல்லவா, நன்றாகவே செய்தார்கள். 1977இல் காணாமற்போன தன் செம்புக்குடத்தை றாஹிலா சாச்சி நினைவுகூர்ந்தா. அன்று பகல் சபூறா வேலியோரம் போனதைக் கண்டவர்கள் இருவர். அன்று அவள் கிணற்றடியில் இல்லையென்று சொன்னவர் ஒருவர். மண்ணெண்ணெய் வரிசையில் கையை ஒளித்த இருபத்திரண்டு பேரும், அவள் சொல்லித்தான் ஒளித்ததாகச் சாட்சியம் கொடுத்தார்கள். கொட்டிலுக்கு யாரும் வரவில்லை. என் வாசிப்பும் நின்றது.

"வெச்சுப் போட்டு வா புள்ள, எல்லாம் முடிஞ்சிரும்" என்றேன்.

"இப்ப வெச்சா அகப்பட்டுத்தான் வெச்ச எண்டுவாங்க" என்றாள். சொல்லும்போது அவளுடைய கண் கலங்கியது. வழக்குக் கேட்டுக்கூட அவள் கண் கலங்கி நான் கண்டதில்லை.

அவளுடைய பெயரை எழுதிக் கொடுத்தேன். என் எழுத்துக் கோணல் என்று தள்ளிவிட்டாள். சேர்த்து வைத்திருந்த பத்திரிகைகளை எடுத்து, இடத்தை மட்டும் காட்டச் சொன்னாள். 'சடலம்' என்பதிலிருந்து முதல் எழுத்தை எடுத்தாள். 'பூட்டிய அறை'யிலிருந்து இரண்டாவதை. மூன்றாவது, 'மூன்றாம் எதிரி'யின் நடுவில் இருந்து கிடைத்தது. முற்றத்து மணலிலும், தறிக்கட்டையில் கரியாலும், நூல்கட்டுச் சீட்டுகளிலும் எழுதினாள். திங்கட்கிழமைக்குள் முதல் இரண்டும் வசப்பட்டன. கடைசி எழுத்து புதன்கிழமை வரை பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து விழுந்தது.

வியாழக்கிழமை நொத்தாரிசு கந்தோரில் ஆயிஷா உம்மாவும் மர்சூக்கும் எங்களுக்கு முன்னே வந்து இருந்தார்கள். யாரும் அழைக்காத றாஹிலா சாச்சியும் வந்திருந்தா. உம்மா தன் பெருவிரலை வைத்தா. சபூறா தடுக்கவில்லை; உம்மாவின் விரல் எப்போதோ கொழும்புக்குப் போய்விட்டது என்பது அவளுடைய கணக்கு.

"இனி இவ விரல வைக்கட்டும், பார்ப்பம்" என்றா ஆயிஷா உம்மா.

"மாமி, ஒங்கட வீட்டு உறுதிக்கு நீங்க என்னத்த வெச்ச?" என்று கேட்டாள் சபூறா.

"விரலத்தான் வெச்சன். அதுக்கென்ன?"

"ஒண்டுமில்ல மாமி. ஒங்கட விரல் அங்க இரிக்கு. என்னத்தையும் தொட்டா உட்பக்கமும் சேத்துத் துடைங்க."

ஆயிஷா உம்மா தன் பெருவிரலைத் திருப்பிப் பார்த்தா. பிறகு அதைச் சீலைத் தலைப்பில் துடைத்தா. றாஹிலா சாச்சியும் துடைத்தா.

சபூறா பேனையை எடுத்தாள். மூன்று பிரதிகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு நிமிடம் சென்றது. சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். எழுத்துகள் அச்சடித்தவை போலத் தனித்தனியாக, தடித்து நின்றன.

"தலைப்புச் செய்தி மாதிரி இருக்கு" என்றார் அழகரெத்தினம் ஐயா.

மர்சூக் எட்டிப் பார்த்து மூன்றையும் ஒப்பிட்டார். "மூணும் ஒரே கை. இந்த வழக்கு நிக்காது உம்மா" என்றார். ஆயிஷா உம்மா மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து என் உம்மாவிடம் நீட்டினா. வரும்போதே கொண்டு வந்திருக்கிறா.

எங்கள் குடும்பத்தில் தன் பெயரைத் தானே எழுதிய முதற்பெண் அவள். ஐயா மை காயும் வரை காத்திருந்து, அந்த மூன்று கையெழுத்துகளுக்கும் கீழே திகதியைப் போட்டார்: 1981ஆம் ஆண்டு, ஓகஸ்ட் மாதம், 20ஆம் திகதி.