ஆறு முதல் பதினான்கு வரையான ஸ்லைடுகள்

பத்மா அக்கா இறந்த செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலை எங்கள் முதுமாணி வகுப்பு பெட்ச்சின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. பட்டமளிப்பு எப்போது என்ற கேள்வியைத் தவிர வேறெதுவும் பல மாதங்களாக வராத குழு அது. ரிஸ்வி நானா குரல்பதிவு போட்டிருந்தார். "எல்லாரும் கேளுங்க. நம்ம பத்மா அக்கா நேத்து தவறிட்டாங்களாம். தெல்தெனிய வீட்டுலதான் வெச்சிருக்காங்க. ஏலுமானவங்க வாங்க." நான் அப்போது ஆடைத் தொழிற்சாலைக் கந்தோரில், மற்றவர்களின் லீவுப் படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். எனக்கும் ஒன்றை எடுத்து அரை நாள் என்று எழுதினேன். காரணம் எழுதும் இடத்தில் 'உறவினர் மரணம்' என்று போட்டேன். மனிதவளப் பிரிவில் இருப்பவள் பொய் எழுதக் கூடாது. ஆனால் சக மாணவி மரணம் என்றால் லீவு கிடைக்காது.

எங்களோடு படித்தவர்களுக்கு அந்த வகுப்பறை நினைவிருக்கும். வாரத்தில் ஐந்து நாள் வேலை, சனியும் ஞாயிறும் காலை எட்டு மணியிலிருந்து விரிவுரை. குளிரூட்டியின் காற்று நேரே விழும் மூன்றாம் வரிசையில் சேலைக்கு மேல் சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருப்பார் பத்மா அக்கா. அரசாங்கக் கந்தோர் ஒன்றில் பதினெட்டு வருடம் எழுதுவினைஞர். முதுமாணிப் பட்டம் இருந்தால் நிர்வாக உத்தியோகத்தர் நேர்முகத் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம் என்பதற்காக, நாற்பத்தாறு வயதில் சேர்ந்தவர். வகுப்பில் அதிகம் பேசாதவர்கள் இரண்டு பேர். அவர் களைப்பினால் பேசமாட்டார். நான் பயத்தினால்.

ஒவ்வொருவருக்கும் முன்னால் பெயர் எழுதிய மடித்த அட்டை ஒன்று நிற்க வேண்டும் என்பது அங்கே விதி. விரிவுரையாளர் அதைப் பார்த்துத்தான் பெயர் சொல்லிக் கேள்வி கேட்பார். பேசினால் புள்ளி. நான் என் அட்டையைத் தண்ணீர்ப் போத்தலுக்குப் பின்னால் வைத்துவிடுவேன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவள் நான் மட்டுந்தான். அம்மா புசல்லாவைப் பக்கம் இன்னும் தேயிலைக் கொழுந்து பறிக்கிறார். வங்கி முகாமையாளர்களுக்கு நடுவில் என் ஆங்கிலம் என்னாகுமோ என்ற பயம். பத்மா அக்கா ஒவ்வொரு வாரமும் கையை நீட்டிப் போத்தலை நகர்த்துவார். "பேர மறைச்சு வெச்சு என்னா புள்ள செய்யப்போற? கள்ளச் சாராயமா விக்கிற?"

அவர் பேசிய ஒரு நாளை எல்லோரும் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அரச ஊழியரை ஊக்குவிப்பது எது என்று விரிவுரையாளர் கேட்டார். பலர் பல கோட்பாடுகளைச் சொன்னார்கள். கண்ணை மூடியிருந்த பத்மா அக்கா திறக்காமலே ஆங்கிலத்தில் சொன்னார்: "நாலரை மணி தெல்தெனிய பஸ்ல ஒரு சீட், சேர்." வகுப்பே சிரித்தது. விரிவுரையாளரும் சிரித்துவிட்டு, அதைப் பலகையில் எழுதினார். பத்மா அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவர் உண்மையைத்தான் சொல்லியிருந்தார்.

இறுதிப் பருவத்தில் எங்கள் குழுவில் நான்கு பேர்: ரிஸ்வி நானா, தினுஷி, பத்மா அக்கா, நான். அரசாங்கக் கந்தோர் ஒன்றில் பொதுமக்கள் காத்திருக்கும் நேரத்தை எப்படிக் குறைக்கலாம் என்பது எங்கள் ஆய்வு. வெள்ளிக்கிழமை மாலைகளில் நூலகத்தில் கூடுவோம். பத்மா அக்கா ஒரு வெள்ளிக்கிழமைகூட வரவில்லை. வீட்டு வேலை என்று சொன்னார். ஒரு சனிக்கிழமை, பெயரட்டையைத் தன் பையிலிருந்து எடுத்துத் தரச் சொன்னபோது, அட்டைக்கு அடியில் ஆஸ்பத்திரிக் கிளினிக் கொப்பியைக் கண்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டார். இடைவேளையில் படிக்கட்டுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார். இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டது. செவ்வாயும் வெள்ளியும் கந்தோர் முடிந்ததும் ஆஸ்பத்திரியில் டயலிசிஸ்.

"சொல்லிறாத புள்ள. இங்க சனிக்கிழம சொன்னது திங்கக்கிழம என் கந்தோருக்கு வந்திரும். நோயாளிக்கு யாரு பதவி குடுப்பா?"

அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளில் கட்டிலில் கிடந்தபடி எனக்குக் குரல்பதிவுகள் அனுப்பத் தொடங்கினார். பின்னால் இயந்திரத்தின் சத்தம் கேட்கும். ஒரு விண்ணப்பம் எந்த மேசையில் எத்தனை நாள் கிடக்கிறது, ஒரு கையொப்பத்துக்காக மக்கள் ஏன் மூன்று தடவை வருகிறார்கள், எந்தப் படிவத்தை நிறுத்தினால் யாருக்கும் நட்டமில்லை. எல்லாம் பதினெட்டு வருடம் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவரின் கணக்கு. ஒவ்வொரு பதிவின் முடிவிலும், "எழுதிட்டியா? இத நீயே எந்திரிச்சுச் சொல்லு, என்னா?" என்பார். நான் தட்டச்சு செய்து ஸ்லைடுகளாக்குவேன். யார் தந்ததென்று ரிஸ்வி நானா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. "மாஷா அல்லாஹ், தங்கச்சி, பேசாம இருந்துக்கிட்டு நல்லா செஞ்சிருக்கீங்களே" என்று அவர் பாராட்டியபோது கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். வகுப்புக்கு முன்னால் எழுந்து சொல்லிக் கைதட்டு வாங்கியதும் நானல்ல, தினுஷிதான்.

ஆய்வு முடிந்ததும், உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் பத்துக்குப் புள்ளி போட்டு இரகசியமாகக் கொடுக்கும் பங்களிப்புத் தாள் வந்தது. அதைக் கொடுப்பதற்கு முதல் நாள் ரிஸ்வி நானா அழைத்தார். "பத்மா அக்காவுக்கு நாம எல்லாரும் பத்துக்கு மூணுன்னு ஒரே மாதிரி போடணும். பாவம் பாக்கலாம்தான், ஆனா ராப்பகலா வேல செஞ்ச நம்மளுக்கு அநியாயந்தானே?" அவர் மேல் பிழையில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நோயைச் சொல்லாமலே ஸ்லைடுகளைப் பற்றி மட்டும் சொல்லியிருக்கலாம். அவற்றைப் பற்றிச் சொல்லாதே என்று பத்மா அக்கா ஒருபோதும் கேட்கவில்லை. "சரி நானா" என்றேன். மூன்று என்று எழுதினேன்.

அந்த ஒரு பாடத்தில் பத்மா அக்கா சித்தியடையவில்லை. அடுத்த பெட்ச்சோடு ஆய்வை மறுபடி செய்யும்படி கடிதம் வந்தது. அந்த வருட நேர்முகத் தேர்வுக்கு அவரால் விண்ணப்பிக்க முடியவில்லை.

கண்டி பஸ் நிலையத்தில், புறப்படக் காத்திருந்த தெல்தெனிய பஸ்ஸுக்குள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். நானும் மூன்றுதான் போட்டேன் என்று. கண்டக்டர் வாசலில் நின்று ஊர்ப்பெயரைக் கத்திக்கொண்டிருந்தார். பத்மா அக்கா பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"வாய மூடிக்கிட்டு இருன்னு சொன்னது நாந்தானே" என்றார். பிறகு, "ஆனா மூணு கொஞ்சம் கொறச்சல் புள்ள. ஒரு நாலாவது போட்டிருக்கலாம்."

சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன். நாலு போட்டிருந்தாலும் அவர் தேறியிருக்கமாட்டார். எட்டுப் போட்டிருந்தால் தேறியிருப்பார். கணக்கில் கெட்டிக்காரரான அவருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. பஸ் உறுமியதும், "எறங்கு, அம்பிட்டியவுக்கு ஒனக்கு வேற பஸ்" என்று என் முழங்கையைத் தள்ளினார்.

மறு வருடம் வேறு பிள்ளைகளோடு அதே ஆய்வைச் செய்தார். சித்தியடைந்தார். முடிவு வந்தபோது அந்தப் பதவிக்கு வேறொருவர் வந்து உட்கார்ந்திருந்தார். "பரவாயில்ல, அந்தக் கதிர பஸ் சீட்ட விட மோசம்" என்று எனக்குச் செய்தி அனுப்பினார். எங்கள் பட்டமளிப்புத் தள்ளிப்போய்த் தள்ளிப்போய் இப்போது இரண்டு பெட்ச்சுக்கும் ஒன்றாக நடக்கப்போகிறது. பட்டியலில் அவர் பெயரும் இருக்கிறது.

மரண வீட்டில் நம் பெட்ச்சைச் சேர்ந்த சிலர் முற்றத்துக் கதிரைகளில் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். "நல்ல மனுஷி. குரூப் வேலைக்குத்தான் வரமாட்டாங்க" என்றார் ஒருவர். நான் அப்போதும் பேசவில்லை. அன்றிரவு முழுவதும் அந்த ஒரு வசனம் காதில் இருந்தது. எட்டாம் நாள் அவருடைய மகளிடம், நோயையும் சேர்த்து எல்லாவற்றையும் எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்கக்கா. இனி அம்மாவ யாரு வேலய விட்டு நிப்பாட்டப் போறாங்க?" என்றாள்.

ஆகவே எழுதுகிறேன். பங்களிப்புத் தாளை இனித் திருத்த முடியாது. ரிஸ்வி நானாவும் தினுஷியும் மற்ற எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் ஆய்வில் ஆறாவது ஸ்லைடிலிருந்து பதினான்காவது வரை பத்மா அக்காவுடையவை. எல்லோரும் கைதட்டியது அவருக்கு. புள்ளி வாங்கியது நான்.

குரல்பதிவுகள் இருபத்திரண்டும் என் தொலைபேசியில் இருக்கின்றன. இன்னும் கேட்கத் துணிவில்லை. மகள் அவருடைய பையிலிருந்து பெயரட்டையை எடுத்துத் தந்தாள். நடுவில் மடிப்பு நைந்து, இரண்டாகப் பிரியப் பார்க்கிறது. கந்தோரில் என் மேசையில் வெளிப்பக்கம் பார்த்தபடி அதை வைத்திருக்கிறேன். முன்னால் போத்தல் எதுவும் இல்லை. லீவு கேட்டு வரும் தையல் பிள்ளைகள் வாசித்துவிட்டு, யார் மிஸ் இந்தப் பத்மாவதி என்று கேட்கிறார்கள்.  ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன்.