சாவி என் கையில், சுவிட்ச் வேறொருவர் வசம்

அதிர்ச்சி இன்னும் தணியவில்லை. ஆயினும் நடந்ததை நடந்தபடியே பதிவு செய்கிறேன்.

மலையிலிருந்து இறங்கிச் சேலம் நீதிமன்றத்துக்குப் போக, இன்று காலை என் பழைய காரில் சாவியைத் திருப்பினேன். விளக்குகள் எரிந்தன, ஸ்டார்ட்டர் அசையவே இல்லை. பக்கத்து ஊரான வெள்ளக்கடையிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தேன்.

மீட்டரை வைத்துப் பார்த்தவர், "பேட்டரி நல்லா இருக்குதுங்க. நீங்க சாவியத் திருப்பற சிக்னலு இன்ஜின் கம்ப்யூட்டருக்குப் போகவே மாட்டேங்குது. அது உத்தரவு குடுத்தாத்தானுங்க ஸ்டார்ட்டர் சுத்தும்" என்றார்.

ஒயரைத் தொடர்ந்துபோய் இருக்கைக்கு அடியில் குனிந்தவர், திகைத்து நிமிர்ந்தார்.

"ஏனுங்க வக்கீலய்யா, ஒயர நடுவுல வெட்டி யாரோ சுவிட்ச் வெச்சிருக்காங்க!"

பூட்டிய வண்டிக்குள் அத்துமீறல்! என்னிடம் தோற்ற எதிர்த்தரப்பினர் அனைவரையும் மனத்துக்குள் விசாரித்துவிட்டு, காவல் நிலையத்தை அழைக்கப் போனேன். அப்போது என் மனைவி காபியுடன் வந்தார்.

"போலீஸெல்லாம் வேண்டாமுங்க. நாந்தான் பையங்கிட்டச் சொல்லி வெச்சேன்."

போனைச் சட்டைப் பையில் போட்டேன்.

"கண்ணு ஆபரேஷன் பண்ணிட்டு, டாக்டர் சொல்ற வரைக்கும் ஸ்டீரிங்கத் தொடமாட்டேன்னீங்க. இந்தப் பனியில நீங்க கொண்டை ஊசி வளைவுல எறங்குனா, நான் ஊட்டுல உசுரோட இருக்கறதா வேண்டாமா?"

"சுவிட்சப் போடட்டுங்களா, வேண்டாமுங்களா?" என்றார் மெக்கானிக். கேட்டது என்னையல்ல, என் மனைவியை.

வாகனம் என் பெயரில் உள்ளது. வழக்குக்கு முகாந்திரம் உண்டு. இதைப் பஸ்ஸில் நின்றபடி எழுதுகிறேன். எனக்காக வாதாட முன்வருவோர் கீழே தெரிவிக்கலாம். என் மனைவியும் இப்பக்கத்தைப் படிக்கிறார் என்பதைக் கருத்தில் கொள்க.