ஒருவர் பார்க்கிறார்

விரலக்கா என்ற பெயரை வைத்தது காது கேட்காத ஒரு மாணவி. அதற்கு முன்னால் கல்லூரியில் அவளை டைப்பிஸ்ட் மேடம் என்றார்கள். அதற்கும் முன்னால், ஒரு காப்பீட்டு அலுவலகத்தில், யாரும் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. மணி அடித்தால் போய் உட்கார்ந்து மேலாளர் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். ஒலிப்பதிவுக் கருவி வாங்கிய வருடம் மணி நின்றுபோயிற்று. கருவியை அவளுடைய நாற்காலியில்தான் வைத்திருந்தார்கள்.

கல்லூரியில் வேலை வேறு மாதிரி. காது கேட்காத மாணவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, ஆசிரியர் பேசப் பேச மடிக்கணினியில் தட்ட வேண்டும். மாணவர் அதைப் படிப்பார். ஒருங்கிணைப்பாளர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

“சொன்னதெல்லாம் எழுதணும் மேடம். சொல்லாததை எழுதக்கூடாது. நீங்க ஒரு குழாய், அவ்வளவுதான்.”

விரலக்கா தலையாட்டினாள். பழக்கப்பட்ட வேலைதான்.

புள்ளியியல் படிக்க வந்த அந்த மாணவி ஒன்பது வயதில் காய்ச்சலில் காது போனவள். பேசுவாள். குரலில் ஏற்ற இறக்கம் மட்டும் இருக்காது. முதல் நாள் வகுப்பு தொடங்குமுன் சொன்னாள்.

“எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும் அக்கா. பாடம் கொஞ்சம் விட்டுப்போனாலும் பரவாயில்ல, புத்தகத்துல இருக்கும். எல்லாரும் சிரிச்சா, ஏன் சிரிக்கிறாங்கன்னு உடனே போட்டுடுங்க. அது எந்தப் புத்தகத்துலயும் இல்ல.”

விரலக்கா திரையில் தட்டினாள்: [சிரிப்புக்குத் தனியாக அடைப்புக்குறி. சரியா?]

அப்படி ஆரம்பித்தது. முதலில் சிரிப்புக்கு மட்டும். பிறகு மற்றதற்கும். [கடைசி வரிசையில் குறட்டை.] [இதே உதாரணத்தைப் போன வாரமும் சொன்னார்.] [இவர் பேசப் பேச மின்விசிறிக்கே தூக்கம் வருகிறது.] பக்கத்தில் மாணவியின் தோள் குலுங்கும். குழாய்க்கு வாய் முளைத்தது ஒருங்கிணைப்பாளருக்குத் தெரியாது.

கல்லூரிகளெல்லாம் மூடிக் கிடந்த வருடத்தில் வகுப்பு திரைக்குப் போயிற்று. மறுபடி திறந்தபோது மாணவர்களைக் கூப்பிட்டார்கள், விரலக்காவைக் கூப்பிடவில்லை. அவள் வீட்டிலிருந்தே தட்டினால் போதும் என்றார்கள். பேராசிரியரின் சட்டையில் ஒரு மைக். அதன் சத்தம் அவள் வீட்டுக்கு வரும். அவள் தட்டுவது மாணவியின் டேப்லெட்டில் தெரியும். நடுவில் ஒரு நொடியோ இரண்டு நொடியோ தாமதம். பக்கத்தின் மேல் மூலையில் பச்சை எழுத்தில் ஒரு வரி இருக்கும்: ஒருவர் பார்க்கிறார்.

படுக்கையறையில் இஸ்திரி போடும் மேசைதான் அலுவலகமாயிற்று. தோள் தெரியாததால் மாணவி ஒரு வழி சொன்னாள். சிரித்தால் பக்கத்தின் அடியில் ஒரு புள்ளி வைப்பாள். விரலக்கா அடைப்புக்குறியை மூடிவிட்டுப் புள்ளிக்காகக் காத்திருப்பாள். வரும்.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பவர். மதியம் சாப்பிட வீட்டுக்கு வருவார்.

“என்ன, உன் வாத்தியார் இன்னைக்கும் சராசரிதானா?”

“நீங்களும்தான். ஒரு கண்ணுக்கு ஒண்ணு, இன்னொரு கண்ணுக்கு மூணுன்னா, சராசரி போட்டு ரெண்டு ரெண்டா குடுத்துட வேண்டியதுதானே?”

“குடுக்கலாம். ஆள் செவுத்துல முட்டிக்கிட்டு நேரா கடைக்குத்தான் வருவான்.”

இந்தப் பேச்சும் மறுநாள் அடைப்புக்குறிக்குள் போகும். புள்ளி வரும்.

மூன்றாவது வருடத் தொடக்கத்தில் ஒரு நாள் பேராசிரியர் ஏதோ வேடிக்கை சொன்னார். வகுப்பு சிரித்து அடங்கியது. அவர் சொன்னார்: “கொஞ்சம் பொறுங்க. நம்ம கடைசி சிரிப்பு இன்னும் வரல. அது ரெண்டு செகண்டு லேட்டாதான் வரும்.”

வகுப்பு மறுபடி சிரித்தது. விரலக்காவின் கை நின்றது. யாரைப் பற்றிச் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரியும். சிரிப்பு ஓடிக்கொண்டிருந்தது, மாணவி காத்துக்கொண்டிருப்பாள். தட்டினாள்: [பின்னால் யாரோ நாற்காலியோடு விழுந்துவிட்டார்கள்.]

சற்றுக் கழித்து வகுப்பு இன்னொரு தடவை சிரித்தது, முன்னைவிடப் பெரிதாக. ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை. விழுந்தவன் எழுந்திருப்பான் என்று ஒரு கணம் நினைத்தாள். அப்புறம்தான் அப்படி ஒருவன் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

அன்றைக்குப் புள்ளி வந்தது. அதற்குப் பிறகு குறைந்தது. ஒரு வாரம் இரண்டு, அடுத்த வாரம் ஒன்று. பிறகு இல்லை. கேட்டதற்கு மாணவி செய்தி அனுப்பினாள்: “நோட்ஸ் எடுக்கிறேன் அக்கா, கை ஒழியல.” நியாயம்தான். கடைசி வருடம்.

விரலக்கா நிறுத்தவில்லை. எழுதாத அடைப்புக்குறி நெஞ்சில் கிடந்து குத்தியது. ஒரு காலை, பேராசிரியர் பலகையைத் துடைக்கும் இடைவெளியில், தட்டினாள்: [கழுத்தில் ஒரு கட்டி. நாளைக்குச் சோதனை. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில்.]

மேல் மூலையைப் பார்த்தாள். ஒருவர் பார்க்கிறார். புள்ளி வரவில்லை. புள்ளி என்றால் சிரிப்பு, இதற்கு எப்படிப் புள்ளி வைப்பாள் என்று சமாதானம் செய்துகொண்டாள். அடுத்த வாரம், [கட்டி ஒன்றும் இல்லையாம், வெறும் கொழுப்பு], என்று எழுதினாள். அதற்காவது வைத்திருக்கலாம்.

பிறகு மைக் போயிற்று.

வகுப்பு ஆரம்பித்துச் சற்று நேரத்தில் காதில் கரகரவென்று ஒரு சத்தம். அதோடு சரி. முன்பும் இப்படி நடந்திருக்கிறது. எழுத்து நின்றதுமே மாணவி, “அக்கா, என்ன ஆச்சு?” என்று கேட்டு, எழுந்து போய் மைக்கைச் சரிசெய்யச் சொல்வாள். விரலக்கா தட்டினாள்: [சத்தம் வரவில்லை. மைக்கைப் பார்க்கச் சொல்.] பதில் இல்லை. மறுபடி தட்டினாள். செய்தி அனுப்பினாள். கையை மடியில் வைத்துக்கொண்டு வெள்ளைப் பக்கத்தைப் பார்த்தாள். வகுப்பு முடியும்வரை அதில் ஒரு வரி பாடம் இல்லை. பச்சை எழுத்து மட்டும் அசையாமல் நின்றது. ஒருவர் பார்க்கிறார்.

வகுப்பு முடியும் நேரம் தாண்டியதும் மாணவியிடமிருந்து செய்தி வந்தது. விரலக்கா அனுப்பியதைப் பார்க்காமலே போட்டிருக்க வேண்டும். தினமும் போடுவதுதான்.

“நன்றி அக்கா. இன்னைக்கும் தெளிவா இருந்துச்சு.”

மதியம் கணவர் வந்தபோது அவள் அந்தச் செய்தியை அவரிடம் நீட்டினாள். படித்தார்.

“நல்லாத்தானே சொல்லியிருக்கா?”

“நான் இன்னைக்கு ஒண்ணுமே எழுதல.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். “அப்ப தெளிவாத்தான் இருந்திருக்கும்” என்றார். வழக்கமாக அவள் சிரிக்கும் இடம். அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டு முடித்தார்.

மறுநாள் விரலக்கா உடம்பு சரியில்லை என்று எழுதிப் போட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போனாள். எழுதிப் போட்டது ஒருங்கிணைப்பாளருக்கு. அவர் மாணவிக்குத் தெரியப்படுத்தியிருக்க வேண்டும். இரண்டாம் மாடியில் அதே அறை. கதவின் கண்ணாடிச் சதுரம் வழியாகப் பார்த்தாள். மாணவி முதல் வரிசையில் இருந்தாள். அவளுக்கு எழுத ஆள் இல்லாத நாள் அது. ஆனால் பதற்றமில்லை. தண்ணீர் பாட்டிலின்மேல் போனைச் சாய்த்து வைத்து அதைப் படித்துக்கொண்டிருந்தாள். வரிகள் தானாக ஏறிக்கொண்டிருந்தன. டேப்லெட் மேசையில் கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் அவள் முழங்கையை ஊன்றியிருந்தாள்.

வகுப்பு முடிந்து வெளியே வந்தவள் விரலக்காவைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

“உடம்பு சரியில்லன்னாங்க.”

விரலக்கா பேச ஆரம்பித்தாள். எவ்வளவு வேகமாகப் பேசினாள் என்று அவளுக்குத் தெரியாது. மாணவி அவள் வாயையே பார்த்துவிட்டுத் தலையசைத்தாள்.

“புரியல அக்கா. இருங்க.” போனை இருவருக்கும் நடுவில் நீட்டினாள். “இதுல பேசுங்க. வரும்.”

விரலக்கா அந்தத் திரையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். “நீ என்னை ஏமாத்திட்ட.”

திரையில் வந்தது: நீ என்னை ஏமாத்திட்ட. ஒரு பிழையும் இல்லை.

“எத்தனை நாளா?”

“வருஷ ஆரம்பத்துல இருந்து.” மாணவி தட்டையான குரலில் சொன்னாள். “ஒருங்கிணைப்பாளர் சார் பேச்சைத் தானா எழுதுற இந்த ஆப்பைச் சோதிச்சுப் பார்க்கக் குடுத்தாரு. உங்ககிட்ட இப்ப சொல்ல வேணாம்னாரு. உங்க பழைய பக்கத்தையெல்லாம் போட்டுத்தான் அதைப் பழக்கினாங்க. அடைப்புக்குறிக்குள்ள இருந்ததை மட்டும் எடுத்துட்டாங்க. நானும் கையெழுத்துப் போட்டேன்.”

“அப்புறம் ஏன் என் பக்கத்தைத் தொறந்து வச்ச?”

“மூடினா உங்களுக்கு வேலை இருக்காதுன்னாரு. இந்த வருஷம் மட்டுமாவது இருக்கட்டும்னு வச்சேன்.”

“இரக்கமா?”

மாணவி போனைத் தாழ்த்திவிட்டு வேறொன்றைச் சொன்னாள்.

“அதைக் குடுத்த முதல் நாள் சும்மா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தேன் அக்கா. அது தப்புத்தப்பா எழுதிச்சு. உங்களோடதுதான் நல்லா இருந்துச்சு. அதையேதான் படிச்சுக்கிட்டிருந்தேன். எல்லாரும் சிரிச்சாங்க. யாரோ நாற்காலியோட விழுந்துட்டாங்கன்னு போட்டீங்க. சிரிச்சேன். உங்களுக்குப் புள்ளிகூட வச்சேன். எல்லாரும் என்னையே பார்த்துச் சிரிச்சாங்க. ஏன்னு புரியாம போனைப் பார்த்தேன். அவர் சொன்னது அதுல அப்படியே இருந்துச்சு.” நிறுத்தினாள். “கடைசி சிரிப்பு. ரெண்டு செகண்டு லேட்டு. அவர் சொன்ன மாதிரியே சிரிச்சிருக்கேன்.”

விரலக்காவுக்கு அந்த மூன்றாவது சிரிப்பு காதில் கேட்டது.

“உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான்” என்றாள். போன் தாழ்ந்திருந்தது. ஆனாலும் மாணவிக்குப் புரிந்தது.

“நான் கேட்டது அது ஒண்ணுதான். வேற எதுவும் கேக்கல.”

இரண்டு பையன்கள் நடுவில் புகுந்து போனார்கள். அவர்கள் போகும்வரை இருவரும் ஒதுங்கி நின்றார்கள்.

“அவர் போரடிக்கிறார்னுகூட நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். நெஜமா போரா அக்கா? எனக்குத் தெரியல. நீங்க சிரிச்ச இடத்துல சிரிச்சேன். நீங்க அலுத்துக்கிட்ட இடத்துல அலுத்துக்கிட்டேன்.” போனை மறுபடி நீட்டினாள். “வேற என்னெல்லாம் விட்டீங்க?”

“வேற ஒண்ணும் இல்ல.”

மாணவி திரையையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். முகத்தைப் படிக்க அவளுக்குக் கருவி வேண்டியதில்லை.

“நாளைக்கு டேப்லெட்டை நிமிர்த்தி வைக்கிறேன். ஒண்ணும் இல்லன்னா பாடத்தை மட்டும் எழுதுங்க.”

“என் கழுத்துல கட்டி வந்துச்சு, தெரியுமா உனக்கு?”

மாணவியின் கண் உடனே கழுத்துக்குப் போயிற்று. அவளுக்குத் தெரியாது என்பது தெரிந்தது. விரலக்கா படியிறங்கிவிட்டாள்.

கீழே ஒருங்கிணைப்பாளரின் அறை திறந்திருந்தது. அவர் எழுந்து நின்று, “வாங்க வாங்க, உடம்பு எப்படி இருக்கு?” என்றார். அவள் நிற்காமல் போனாள். அவரிடம் கேட்க அவளுக்கு ஒன்றும் இல்லை. அவர் அவளைக் குழாய் என்று முதலிலேயே சொல்லியிருந்தார். ஏமாற்றவில்லை.

மறுநாள் இஸ்திரி மேசையில் உட்கார்ந்து பக்கத்தைத் திறந்தாள். ஒருவர் பார்க்கிறார். பேராசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். விரலக்கா அவர் சொன்ன முதல் வாக்கியத்தைத் தட்டினாள். இரண்டாவதையும் தட்டினாள். வேகம் பழைய வேகம்தான். இப்படியே மணி அடிக்கும்வரை போய்விடலாம்.

மூன்றாவது வாக்கியத்தைத் தட்டவில்லை. அடைப்புக்குறியைத் திறந்தாள்.

[முதல் வருடம். உன் பின்னால் இருந்த பெண்: இவ ஸ்க்ரீன் வெளிச்சம் கண்ணைக் கூசுது, ஓரமா உட்காரச் சொல்லுங்க. நான் எழுதியது: பின்னால் யாரோ பேனா கேட்கிறார்கள்.]

[இரண்டாம் வருடம், குழுவாகச் செய்யும் பாடத்துக்கு ஆள் பிரித்த அன்று. ஒரு பையன்: அவ வேணாம் சார், எல்லாத்தையும் ரெண்டு தடவ சொல்லணும். எல்லாரும் சிரித்தார்கள். நான் எழுதியது: பின்னால் யாரோ பையைக் கீழே கொட்டிவிட்டார்கள். நீயாகவேதான் தனியாகச் செய்கிறேன் என்றாய். அவர்களுக்கு உன்னைப் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டு சொன்னாய்.]

கை நின்றது. இன்னொன்று இருந்தது. பேராசிரியர் காதில் பேசிக்கொண்டே இருந்தார்.

[நீ முதல் மதிப்பெண் வாங்கிய தேர்வு. வகுப்பு முடிந்து நீ வெளியே போன பிறகு, மைக்கை அணைக்காமல், பக்கத்தில் யாரிடமோ அவர் சொன்னது: கொஞ்சம் பார்த்துப் போட்டேன், பாவம். பக்கம் திறந்துதான் இருந்தது. நான் எழுதவில்லை.]

அடைப்புக்குறியை மூடினாள். பழக்கத்தில் பக்கத்தின் அடியைப் பார்த்தாள். வெள்ளையாக இருந்தது. அங்கே படிக்கிற ஒருத்தி இருக்கிறாள் என்று, இத்தனை மாதத்தில் முதல் தடவையாக, அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது.

மேல் மூலையில் பச்சை எழுத்து சாம்பல் நிறமானது. யாரும் பார்க்கவில்லை.

காதில் இருந்த ஹெட்போனைக் கழற்ற அவளுக்குத் தோன்றவில்லை. பேராசிரியர் ஒரு நோயைக் கண்டுபிடிக்கும் சோதனையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அது இல்லாதவர்களுக்கு இருப்பதாகச் சொல்வது ஒரு வகைத் தவறு என்றார், இருப்பவர்களுக்கு இல்லை என்று சொல்வது இன்னொரு வகை. ஒன்றைக் குறைக்கப் போனால் மற்றது கூடும். யாரோ கேள்வி கேட்டார்கள். அவர் அவசரப்படாமல், வேறு வார்த்தைகளில், மறுபடி முதலிலிருந்து சொன்னார். மூன்று வருடமாக விரல் வழியாகப் போன குரலை அன்றைக்குத்தான் அவள் காதால் கேட்டாள்.

அவர் நன்றாகத்தான் நடத்தினார்.