சிவப்பு விளக்கும் சண்டை சுவிட்சும்

எழுபதுகளின் நடுவில் திரேஸ்புரத்தில் ஒரு ஐஸ் பேக்டரியில் எலெக்ட்ரீஷியனாக இருந்தேன். ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவன் என்பதால் அங்கே எனக்குப் பட்டாளம் என்றுதான் பெயர். பேக்டரியின் ஜெனரேட்டரும் ராணுவத்தில் இருந்து வந்ததுதான். அங்கே கழித்துப் போட்டதை முதலாளி ஏலத்தில் எடுத்து லாரியில் கொண்டுவந்து இறக்கியிருந்தார். பச்சை பெயிண்ட் பாதி உரிந்து கிடந்தது. நானும் அதுவும் பட்டாளம் கழித்துப் போட்ட சாமான்தானே என்று பேக்டரியில் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது.

அப்போது கரண்ட் வெட்டு பகலில் பாதி நேரம் இருக்கும். ஜெனரேட்டர் ஓடினால்தான் ஐஸ். ஐஸ் இருந்தால்தான் எங்களுக்குச் சம்பளம். இதை முதலாளி ஒளிக்காமல் சொல்லியிருந்தார்: "இன்னொரு எஞ்சின் வாங்க எனக்கு வக்கு கிடையாது. இது செத்த அன்னைக்கு கேட்டைப் பூட்டிருவேன்." முத்தையாபுரத்தில் வாடகை வீட்டில் பெண்டாட்டியும் இரண்டு பிள்ளைகளும். வேலை கேட்டு நான் ஏறி இறங்காத இடம் இல்லை. அந்த எஞ்சின் உயிரோடு இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பேனல் என் பொறுப்பு. அதில் பேட்டரியில் எரியும் மூன்று விளக்குகள். பச்சை எரிந்தால் ஜெனரேட்டர் கரண்ட் கொடுக்கிறது. மஞ்சள் எரிந்தால் சூடு ஏறிவிட்டது. சிவப்பு எரிந்தால் ஆயில் பிரஷர் இறங்கிவிட்டது. மஞ்சளோ சிவப்போ எரிந்தால் எஞ்சின் தானாகவே நின்றுவிடும். அப்படித்தான் செய்திருந்தார்கள்.

கடல் காற்று ஒன்றையும் விடாது. பித்தளை ஹோல்டரில் பச்சைக் களிம்பு பிடிக்கும். வயர் முனை பொடிப்பொடியாக உதிரும். வாரத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸ் தடவி மாட்டுவேன். அந்த விளக்குகளுக்கான பல்பு கடையில் கிடைக்காது. லாரி டேஷ்போர்டு பல்பு ஒற்றையாகப் போட்டால் பேனல் வோல்ட்டைத் தாங்காது என்று இரண்டை ஒன்றோடொன்று சேர்த்து ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். ஒன்று போனால் இரண்டும் போகும். சிவப்புக் கண்ணாடி உடைந்த இடத்தில் பிஸ்கட் டப்பாவில் வந்த சிவப்புக் கண்ணாடித் தாளை ஒட்டினேன்.

விளக்கு மூடியை அமுக்கினால் பல்பு உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். தினமும் காலையில் மூன்றையும் அமுக்கிப் பார்ப்பேன். எஞ்சின் டிரைவர் திரேஸ்புரத்துக்காரர், கத்தோலிக்கர், என்னைவிட மூத்தவர். நான் புராட்டஸ்டண்ட். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கேட்பார்.

"என்னலே பட்டாளம், ஜெபமாலை உருட்டுதியா? உங்க சபையில அது கிடையாதுல்லா?"

"உங்க எஞ்சினுக்காகத்தான் உருட்டுதேன் அண்ணே."

"அப்ப மெழுகுவத்தியும் ஒண்ணு கொளுத்து."

பேனலின் ஓரத்தில் ஒரு சுவிட்ச் உண்டு. மேலே சிவப்புத் தகர மூடி. பேட்டில் ஷார்ட் என்று இங்கிலீஷில் எழுதியிருக்கும்; நாங்கள் சண்டை சுவிட்ச் என்போம். அதைக் கீழே தள்ளிவிட்டால் ஆயில் இறங்கினாலும் சூடு ஏறினாலும் எஞ்சின் நிற்காது. குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது எஞ்சின் செத்தாலும் பரவாயில்லை, ஆள் பிழைக்க வேண்டும் என்பதற்காக வைத்தது. ராணுவத்தில் அந்த மூடிக்குக் கம்பி கட்டி சீல் வைத்திருப்போம். காரணம் இல்லாமல் சீல் உடைந்திருந்தால் தோலை உரித்துவிடுவார்கள்.

இங்கே அது எப்போதும் கீழேதான் கிடந்தது. மூடியையே பிடுங்கி எறிந்துவிட்டார்கள். காரணமும் இல்லாமல் இல்லை. ஆயிலைப் பார்க்கிற சிறிய உறுப்பு உப்பில் கெட்டுப்போய், ஆயில் நன்றாக இருக்கும்போதே சிவப்பு எரியும். எஞ்சின் நிற்கும். தொட்டியில் பாதி உறைந்த ஐஸ் வீணாகும். இப்படி நாலைந்து தடவை நடந்ததும் முதலாளி சுவிட்சைத் தள்ளச் சொல்லிவிட்டார். அதன்பின் சிவப்பு பாட்டுக்கு எரியும், எஞ்சின் பாட்டுக்கு ஓடும்.

புது உறுப்பு வாங்கித் தரச் சொல்லி மாதக்கணக்கில் கேட்டேன்.

"லைட்டு எரிஞ்சா எரிஞ்சிட்டுப் போவுது. ஐஸு உருகுதா?" என்றார் முதலாளி.

கடைசியில் நானே மதுரையில் பழைய சாமான் கடையில் தேடிப் பிடித்து வந்து மாட்டினேன். எஞ்சின் ஓடும்போது அந்தச் சிவப்பு அணைந்திருந்ததை அன்றைக்குத்தான் எல்லாரும் பார்த்தோம். டிரைவர் பயந்துபோய் பல்பு போய்விட்டதா என்று கேட்டார். இனி சுவிட்சை மேலே ஏற்றலாம் என்று முதலாளியிடம் சொன்னேன். "ஓடுத எஞ்சினை ஏம்லே நோண்டுதே? கெடக்கட்டும்" என்றார். அது அப்படியே கிடந்தது.

சீலா மீன் அள்ளிக்கொண்டு வந்த ஒரு நாள். காலையில் இருந்தே கரண்ட் இல்லை. வள்ளங்கள் வரிசையாகக் கரையேறின. கேட்டுக்கு வெளியே கூடையோடும் தள்ளுவண்டியோடும் கூட்டம். மத்தியானம் பேனலைப் பார்த்தேன். சிவப்பு எரிந்தது.

"அண்ணே, சிவப்பு."

புது உறுப்பு மாட்டியதே டிரைவருக்கு நினைவில்லை; திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது எப்பவும் எரியுதது தானலே."

குனிந்து பார்த்தேன். ஆயில் குழாய் அதிர்ந்து அதிர்ந்து மூட்டில் கீறல் விட்டிருந்தது. ஐஸ் பேக்டரித் தரை எப்போதும் ஈரம். அந்தத் தண்ணீரோடு தண்ணீராக ஆயில் ஓடிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. நேராகப் போய் சுவிட்சை மேலே தூக்கினேன். எஞ்சின் நின்றது.

உடனே வெளியே கத்தல். "ஏ ஐயா, என்னாச்சு? மீனு நாறுதுய்யா!" என்று ஒரு பெண் கேட்டைத் தட்டினாள். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"எவம்லே நிப்பாட்டுனான்?"

"நான்தான். ஆயில் பைப்பு விட்டிருச்சு. பத்தவைக்கணும். ஒரு மணி நேரம் குடுங்க."

"ஒரு மணி நேரமா? வெளியே பாருலே. இன்னிக்கு ஐஸு இல்லன்னா நாளைக்கு ஒருத்தன் இங்கன எட்டிப் பாப்பானா?"

"இப்ப ஓட்டுனா எஞ்சின் செத்துரும். செத்தா கேட்டைப் பூட்டுவேன்னு நீங்கதான சொன்னீங்க?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. டிரைவரைப் பார்த்தார். டிரைவருக்குக் கட்டிக்கொடுக்க வேண்டிய மகள்கள் இருந்தார்கள். அவர் வந்து என் தோளைப் பிடித்து நகர்த்தினார்.

"அண்ணே, எல்லாருக்கும் சோறு போயிரும்."

"நின்னா இன்னிக்கே போயிரும். ஓடுனா நாளைக்குப் போவும். தள்ளுலே."

சுவிட்சைக் கீழே தள்ளி எஞ்சினைக் கிளப்பினார். எனக்கு அவரை அடிக்கக் கை வந்தது. அடிக்கவில்லை. அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க என்னால் இன்றுவரை முடியவில்லை, அதுதான் இன்னும் ஆத்திரம்.

மேலே ஆயிலை ஊற்றிக்கொண்டே ஓட்டச் சொன்னார் முதலாளி. ஊற்றினோம். நானும் ஊற்றினேன். மேலே ஊற்ற ஊற்ற கீழே ஒழுகியது. சிவப்பு கொஞ்சம் அணையும், திரும்ப எரியும். டின் எல்லாம் காலியானதும் ஐஸ் ஏற்றுகிற ஆள் ஒருவரை சைக்கிளில் ஆயில் வாங்க அனுப்பினார்கள். அவர் திரும்பி வருவதற்குள் எஞ்சினுக்குள் சுத்தியலால் அடிப்பதுபோல் கேட்டது. பிறகு இரும்பு இரும்பை உரசி ஒரு கிறீச்சல். பிறகு ஒன்றும் இல்லை. கேட்டுக்கு வெளியே கூட்டம் கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் கூடைகளைத் தூக்கிக்கொண்டு வேறு பேக்டரிக்குப் போய்விட்டார்கள். தொட்டியில் ஐஸ் பாதிதான் உறைந்திருந்தது.

முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மறுநாள் கேட்டில் பூட்டு தொங்கியது. பிற்பாடு அந்த இடத்தை உப்பு குடோனுக்கு வாடகைக்கு விட்டார் என்று கேள்விப்பட்டேன். அவர் பட்டினி கிடக்கவில்லை.

என் ஸ்பானர்களும் பற்றவைக்கிற கோலும் உள்ளே மாட்டிக்கொண்டன. முதலாளியிடம் கேட் சாவியை வாங்கி எடுக்கப் போனபோது டிரைவரும் கூட வந்தார். ஒரு வள்ளத்தில் கூலிக்கு ஏறப்போவதாகச் சொன்னார். அவர் கடலுக்குப் போய் வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. எஞ்சின் அறை இருட்டாக இருந்தது. பேனல் சாவியை யாரும் திருப்பி அணைக்கவில்லை. கண்ணாடித் தாளுக்குப் பின்னால் சிவப்பு இன்னும் எரிந்தது. சண்டை சுவிட்ச் கீழேயே கிடந்தது.

டிரைவர் விளக்கைக் காட்டினார்.

"இன்னும் எரியுது பாரு பட்டாளம். அணைச்சிரவா?"

"வேண்டாம். பேட்டரி முதலாளியுது. தீரட்டும்" என்றேன்.

ஸ்பானர்களைச் சாக்கில் போட்டுக்கொண்டு வெளியே வந்தோம். பூட்டைப் பூட்டியது அவர்தான். சாவியை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதலாளி அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.