கெச்சுவாவில் ஒரு பிரசவம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கிழக்கு லண்டன் மருத்துவமனை ஒன்றில் தரை துடைத்தேன். ஒரு காலை ஷிப்டில், பிரசவ அறைக்குள்ளிருந்து ஒரு பெண், குளிர்கிறது, எழுப்பிவிடுங்கள் என்று கத்தினாள். கத்தியது கெச்சுவா மொழியில்.

எனக்கு அது விளங்கியதற்குக் காரணம் ஒரு ஏஜென்ட். கனடா என்று இலங்கையிலிருந்து கூட்டிப்போய் என்னைப் பெருவில் விட்டுவிட்டுக் கடவுச்சீட்டோடு மறைந்தான். நான் லொறி ஏறி ஆண்டிஸ் மலைக்குப் போனேன். அந்த மாகாணத்தில் வாத்தியாரையும் பொலிஸையும் தவிர எல்லோருக்கும் கெச்சுவாதான். இரண்டு வருடம் வயலில் உருளைக்கிழங்கு கிண்டினேன். பசித்தது, கால் வெடித்தது, மொழி வந்தது. பிறகு இன்னொரு ஏஜென்ட் என்னை லண்டனில் சேர்த்தான்.

கதவை நோக்கி நடந்தேன். மேற்பார்வையாளர் யாழ்ப்பாணத்தவர்; மறித்தார்.

"எட்டாம் வகுப்பு படிச்சிட்டு டொக்டருக்குப் புத்தி சொல்லப் போறியோ?"

"ஓம் அண்ணை, போறன்."

திரைக்கு வெளியே நின்று கெச்சுவாவில் என்ன வேண்டும் என்றேன். உள்ளே சத்தம் நின்றது.

"செத்தவளைப் போல என்னை ஏன் கிடத்தி வைச்சிருக்கினம் எண்டு கேள்," என்றாள்.

மல்லாக்கப் படுக்கவைத்ததும் பிரசவ நோவு நின்றுவிட்டதாம். ஸ்பானிய மொழிபெயர்ப்பாளர் வந்து, இது தன் மொழியல்ல என்று போயிருந்தார். அரை மணிக்குள் நோவு திரும்பாவிட்டால் சத்திரசிகிச்சை என்று திரைக்கு வெளியே வந்த மருத்துவிச்சி சொன்னாள். ஊரில் இவளுடைய அக்கா பிரசவத்தில் கத்தி வைத்துத்தான் செத்தாள் என்று உள்ளே நின்ற அவள் கணவன் சொன்னான்.

என் ஆங்கிலம் அரைகுறை. அதனால் மருத்துவிச்சிக்கு முன்னால் முழங்காலிட்டு, கூரை வளையில் தொங்கும் கயிற்றை இழுப்பதுபோல் இழுத்துக் காட்டினேன். ஆண்டிஸில் அப்படித்தான் பிள்ளை பெறுவார்கள்: கம்பளிப் பாவாடை கழற்றாமல், புருஷன் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப்பிடிக்க. மருத்துவிச்சி டொக்டரிடம் போய் வந்தாள். அரை மணிதான், செய்து பாருங்கள் என்றாள்.

வளைக்கு எங்கே போவது? படுக்கை விரிப்பை முறுக்கிக் கட்டில் சட்டத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு நுனியை முழங்காலிட்டிருந்த அவளிடம் கொடுத்தார்கள்; மறு நுனியைத் திரைக்கு வெளியே நான் பிடித்துக்கொண்டேன். முதுகைத் திருப்பி, காலைச் சுவரில் ஊன்றி நின்றேன். துணி அசையவில்லை. நிமிடங்கள் போயின. பிறகு ஒரு இழுவை. அடுத்ததில் என் தோள் கழன்றுவிடும் போலிருந்தது.

"விட்டிடாதை," என்று உள்ளிருந்து அதட்டினாள்.

விடவில்லை. உள்ளங்கை தோலுரிந்தது. திடீரெனத் துணி தொய்ந்தது, குழந்தை அழுதது.

மருத்துவிச்சி திரைக்கு மேலால் எட்டி, என்ன பிள்ளை என்று நீயே தாயிடம் சொல் என்றாள். கணவனை விட்டால் அந்தக் கட்டிடத்திலேயே அவள் மொழியில் அதைச் சொல்ல ஏலுமானவன் நான் ஒருவன்தான். பெண் பிள்ளை என்று கெச்சுவாவில், அந்த வார்டு முழுதும் கேட்கக் கத்தினேன்.