கீழ் வரிசையில் முகமில்லாதவர்

எல்லோரும் சேர்ந்து எழுதும் இணையக் கலைக்களஞ்சியத்தில், சுயவிளம்பரக் கட்டுரைகளை நீக்குவது நான் விரும்பிச் செய்யும் வேலை. ஒரு கேரம் கிளப் தலைவரை 'வடசென்னையின் விடிவெள்ளி' என்று புகழ்ந்த கட்டுரையை நீக்க நீக்க, யாரோ மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தார். கடைசியில் உரையாடல் பக்கத்தில், "கடைக்கு வா, பேசிக்கலாம்" என்று முகவரி வந்தது. ஆர்வம் தாங்காமல் போனேன்.

டோல்கேட் அருகே பேனர் அடிக்கும் கடை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கணினித் திரையில் யாரோ ஒருவரின் முகத்தை வெளுப்பாக்கிக்கொண்டிருந்தார், கட்டுரையை ஏற்றிய மனிதர். என்னோடு பேசும்போதும் கை நிற்கவில்லை.

"அது விளம்பரம்ணே. அதான் எடுத்துட்டேன்" என்றேன்.

"தலைவரு பொறந்த நாளு முடிஞ்சிடுச்சு, உடு. பேனருன்னா எடுக்கத்தான் செய்வாங்கோ."

பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒண்ணு சொல்லு நைனா. பேனர்ல கீழ வரிசையா, வச்சவன் மூஞ்சில்லாம் கீதுல்ல? உங்க பக்கத்துல எய்தினவன் மூஞ்சி எங்கயுமே காணோமே. அப்பறம் இன்னாத்துக்கு எய்திகினு கீறீங்கோ?"

பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன்.

வெளியே சாலை நெடுக அவர் அடித்த பேனர்கள். பேருந்து வரும்வரை ஒவ்வொன்றிலும் கீழ் வரிசையைத் தேடினேன். ஒன்றில்கூட அவர் முகம் இல்லை.