ஒரு பக்கம் சாம்பல், ஒரு பக்கம் கறுப்பு

மருதாணிக் கோனில் பெயிண்டை நிரப்பிக் கோடு இழுக்கிற ஆள், தெரிந்தவரை தாராவியில் சுலைகா ஒருத்திதான். முன்பு அவள் கல்யாண வீடுகளில் மணப்பெண்களின் கைக்கு மருதாணி வைத்துக்கொண்டிருந்தாள். டெம்போ ஓட்டிக்கொண்டிருந்த கணவன் மான்குர்த் பாலத்தடியில் வண்டியோடு சரிந்து, இடுப்பு எலும்பு நொறுங்கி வீட்டோடு கிடக்க ஆரம்பித்த பிறகு, கல்யாண சீசனை மட்டும் நம்பினால் அடுப்பு எரியாது என்று ஆகிவிட்டது. அந்தச் சமயத்தில்தான் மன்சூர் அலி அவளைப் பட்டறைக்கு வரச் சொன்னார்.

மன்சூர் அலிக்கும் அவளுக்கும் திருச்செந்தூர் பக்கம் ஒரே ஊர். அண்ணன் முறையில் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவாள். தொண்ணூறடி சாலையிலிருந்து உள்ளே போகிற சந்தில், கோப்பைகளுக்கும் ஷீல்டுகளுக்கும் பெயிண்ட் அடிக்கிற பட்டறை வைத்திருந்தார். அதோடு இன்னொரு வேலையும் வரும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் மாடல் ரயில் சேர்க்கிறவர்கள் சிலர் தங்கள் நீராவி எஞ்சின்களைத் துணியில் சுற்றி, குழந்தையைத் தூக்கிவருவதுபோல் கொண்டுவருவார்கள். முழங்கை நீளப் பித்தளை எஞ்சினின் உடம்பில் மயிரிழைபோலச் சிவப்பும் மஞ்சளுமாகக் கோடுகள் ஓட வேண்டும். பிரஷ் நடுங்கும். கோன் நடுங்காது. சுலைகா மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் இழுத்துவிடுவாள்.

அந்த மனிதர்களின் பித்து அவளுக்கு முதலில் புரியவில்லை. மலை ரயில் எஞ்சின் நீலம், அது சரி. ஆனால் யாருமே பார்த்திராத நிறம்தான் அவர்களுக்கு வேண்டும். ஏதோ ஒரு ரயில்வேயில் ஏதோ ஒரு வருடம் மட்டும், ஒரே ஒரு எஞ்சினுக்குக் கருஞ்சிவப்பு அடித்துப் பார்த்துவிட்டு, பிடிக்காமல் மறுபடி கறுப்பாக்கியிருப்பார்கள். அந்தக் கருஞ்சிவப்புக்காக மங்கிப்போன புகைப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பட்டறை வாசலில் நிற்பார்கள். நிஜ எஞ்சின் எப்போதோ இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

பட்டறையில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. ப்ரைமர் தெரியும்படி எந்தப் பொருளும் வாசலைத் தாண்டக் கூடாது. ப்ரைமர் என்பது நிஜப் பெயிண்டுக்கு முன்னால் அடிக்கும் பளபளப்பில்லாத சாம்பல் பூச்சு. “ப்ரைமரோட அனுப்புறது உள்பாவாடையோட ரோட்டுக்கு அனுப்புற மாதிரில்லா?” என்பார் மன்சூர் அலி. போன வருடம் ஒருத்தன் பழைய ஷீல்டு ஒன்றைத் தேய்க்கும்போது அதிலிருந்த பெயரையும் சேர்த்துத் தேய்த்துவிட்டான். அன்றே அவனை அனுப்பிவிட்டார். அவன் இப்போது அம்பர்நாத்தில் மூட்டை தூக்குகிறான். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு தலையைத் தூக்காமல் படியிறங்கிப் போனது சுலைகாவின் கண்ணிலேயே நின்றது.

அந்த வாரம் மாட்டுங்காவிலிருந்து ஹரிகிருஷ்ணன் ஒரு மீட்டர்கேஜ் எஞ்சினைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அப்போது சுலைகா கணவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தாள். திரும்பிவந்தபோது மன்சூர் அலி, “டெண்டர்ல கோடு உரிஞ்சிருக்கு. அதைச் சரி பண்ணணுமாம்” என்று மட்டும் சொன்னார். டெண்டர் என்பது எஞ்சினுக்குப் பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கிற வண்டி. உரிந்திருந்தது கறுப்புப் பக்கத்தில். அதைச் சுலபமாக முடித்துவிட்டாள்.

பிறகு எஞ்சினைத் திருப்பினாள். மறுபக்கம் முழுக்கச் சாம்பல். பளபளப்பே இல்லை. அதன்மேல் அடையாளத்துக்குப் போட்டதுபோல மெல்லிய கறுப்புக் கோடுகளும் எண்களும் இருந்தன. யாரோ ப்ரைமர் அடித்து, கோட்டுக்கு அளவும் வரைந்துவிட்டு, வேலையைப் பாதியில் விட்டுப் போயிருக்கிறார்கள் என்று அவள் நினைத்தாள். பெயிண்ட் பட்டறையில் இருக்கிற யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். பாவம், வயசானவர், முடித்துக் கொடுத்தால் சந்தோஷப்படுவார். யாரும் கேட்காமலே, தன் மனசு நிறைவுக்காக, அந்தப் பக்கத்துக்கும் கறுப்பு அடித்து, அந்த மெல்லிய கோடுகளின் தடத்திலேயே சிவப்பை இழுத்து, எண்களைப் பொன் மஞ்சளில் எழுதினாள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் ஆகிவிட்டது. பட்டறைக்கு வந்த நாளிலிருந்து அவள் இவ்வளவு நேர்த்தியாக எதையும் செய்ததில்லை.

வெள்ளிக்கிழமை முற்பகல் பட்டறை ஃபோன் அடித்தது. மன்சூர் அலி ஜும்ஆத் தொழுகைக்குப் போகக் குளித்துக்கொண்டிருந்தார். சுலைகா எடுத்தாள்.

“யாரு, கோடு போடறவாளா? நான் ஹரிகிருஷ்ணன், மாட்டுங்காலேர்ந்து. சாயங்காலம் வந்து வாங்கிக்கறேன். நாளைக்கு எங்க கிளப் எக்ஸிபிஷன். ஒண்ணே ஒண்ணு, பேக் பண்ணும்போது அந்த கிரே பக்கத்துமேல எதுவும் உரசாம பாத்துக்கோங்கோ. அதுதான் முன்னாடி தெரியணும்.”

“எந்த கிரே சார்?”

அவர் உற்சாகமாகிவிட்டார். “அதுதானே அதோட விசேஷமே! அந்தக் காலத்துல புது எஞ்சின் ஃபேக்டரியை விட்டு வெளில வந்தா ஃபோட்டோ எடுப்பா. கறுப்புல எடுத்தா ஒண்ணும் தெரியாது, வெளிச்சம் வேற அடிக்கும். அதனால ஃபோட்டோக்குன்னே மங்கலா கிரே அடிப்பா. சில இடத்துல கேமரா பாக்கற பக்கம் மட்டும்தான் அடிப்பா. ஃபோட்டோ எடுத்த கையோட அழிச்சுட்டுக் கறுப்பு. எங்க அண்ணா அந்த மாதிரியே ஒரு பக்கம் மட்டும் கிரேல பண்ணிருக்கான். அவன் போயே பன்னெண்டு வருஷம் ஆச்சு. அவன் கை பட்டது வேற எதுவும் எங்கிட்ட இல்ல. சரி, வெச்சுடட்டுமா?”

“சரி சார்.”

சுலைகா ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினாள். அலமாரித் தட்டில் அந்த எஞ்சின் கறுப்பாக மின்னிக்கொண்டிருந்தது. இதற்கு முன் அதைப் பார்க்கும்போதெல்லாம் பெருமை வந்தது. இப்போது அது துணி போர்த்திக் கிடத்திய ஜனாஸா உடம்புபோல் இருந்தது.

மன்சூர் அலி தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்தார். “யாரு ஃபோன்ல?”

“மாட்டுங்கா சார், காக்கா. சாயங்காலம் வாராராம்.”

“ரெடிதானே?”

“ம்.”

அவரும் ஸ்ப்ரே அடிக்கிற யாசரும் பள்ளிவாசலுக்குப் புறப்பட்டார்கள். பட்டறை காலியானது. தொழுகை முடிந்து அவர்கள் திரும்புகிறவரை அவளுக்கு நேரம் இருந்தது.

தின்னரைத் தொடவே பயந்தாள். அது மேல்பூச்சையும் தின்னும், கீழ்ப்பூச்சையும் தின்னும். டர்பன்டைன் மெதுவாகப் பிடிக்கும். தான் அடித்த கறுப்பு இன்னும் இறுகியிருக்காது, அண்ணன் அடித்த சாம்பல் இத்தனை வருடத்தில் கல்லாகியிருக்கும் என்று கணக்குப் போட்டாள். பஞ்சை நனைத்து, பிழிந்து, டெண்டரின் ஓரத்தில் வைத்தாள்.

பஞ்சு கறுப்பானது. இன்னொரு பஞ்சு. அதுவும் கறுப்பு. அப்புறம் கீழே சாம்பல் எட்டிப்பார்த்தது. “யா அல்லாஹ்,” என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே துடைத்தாள். டெண்டர் முழுக்கத் திரும்பி வந்துவிட்டது. அந்த மெல்லிய கோடுகூட அப்படியே இருந்தது. தைரியம் வந்து, எஞ்சினின் நடு உடம்பான கொதிகலனுக்குப் போனாள்.

அங்கே பஞ்சு கறுப்பானது. அடுத்த பஞ்சும் கறுப்பு. அதற்கடுத்தது சாம்பல்.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். கொதிகலனில் அண்ணன் சாம்பலை மிக மெல்லிசாக அடித்திருந்தார். உள்ளங்கை அகலத்துக்கு அது போய்விட்டது. அந்த இடத்தில் பித்தளை பல்லைக் காட்டியது. டிரைவர் நிற்கிற அறையின் பக்கவாட்டில் அவள் எழுதிய பொன் மஞ்சள் எண்கள் இன்னும் இருந்தன. அதற்கு அடியில்தான் அண்ணன் எழுதிய எண்கள் இருக்கின்றன. தொட்டால் அவையும் போய்விடலாம். தொடாவிட்டாலும் அவை இல்லாத மாதிரிதான்.

சந்தில் செருப்புச் சத்தம் கேட்டது. யாசர்தான் முதலில் உள்ளே வந்தான். அவளை அக்கா முறையில் லாத்தா என்பான். ஒரு பார்வையில் புரிந்துகொண்டான்.

“என்ன லாத்தா, எஞ்சினுக்கு முகம் கழுவி விட்டியளா?”

அவள் கண்ணைப் பார்த்ததும் அவன் சிரிப்பு நின்றுபோனது. நடந்ததை அவள் திக்கித் திக்கிச் சொன்னாள்.

“அட, டென்ஷன் நக்கோ, பயப்படாதீங்க,” என்றான் தாழ்ந்த குரலில். “கிரேதானே? நம்ம ப்ரைமரும் கிரேதான். அஞ்சு நிமிசத்துல ஸ்ப்ரே அடிச்சுத் தாரேன். நீங்க மேல கோடு போட்டுருங்க. மாட்டுங்கா பெருசு கண்ணாடி போட்டாலும் தெரியாது. காக்காவுக்கும் தெரிய வேண்டாம்.”

அவன் டின்னை எடுத்துக் குலுக்கினான். உண்மையிலேயே அதே நிறம்தான். அம்பர்நாத் போனவனின் குனிந்த தலை அவள் கண்முன் வந்தது. கணவனின் மாத்திரை, காலேஜ் போகும் மகள் மெஹக், எல்லாம் வந்தது. தலையை ஆட்டிவிட்டால் போதும்.

“வேண்டாம்ல,” என்றாள். “அவுக அண்ணன் கைல செஞ்சதுன்னு சொல்லி நாளைக்கு ஊருக்கே காட்டுவாக. ஆனா அது ஒன் டின்னுல உள்ள கிரே. நான் எப்படி அதைக் கட்டிக் கொடுப்பேன்?”

“அப்ப வேலை போவும், பாத்துக்கிடுங்க.”

“தெரியும்.”

பின்னால் மன்சூர் அலி நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. அவர் எஞ்சினைப் பார்த்தார், கறுத்த பஞ்சுக் குவியலைப் பார்த்தார். சத்தம் போடுவார் என்று காத்திருந்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

சாயங்காலம் ஹரிகிருஷ்ணன் குடையை மடக்கிக்கொண்டு வந்தார். அவர் கண்ணாடியை எடுத்துப் போடுவதற்குள் சுலைகா சொல்லிவிட்டாள். ப்ரைமர் என்று நினைத்தது, கறுப்பு அடித்தது, துடைத்தது, கொதிகலனில் போனது, எல்லாம். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அவர் குனிந்து, பித்தளை தெரிகிற இடத்தை விரலால் தொட்டார்.

“நிஜ எஞ்சினுக்கும் இதைத்தான் பண்ணினா,” என்றார். குரலில் சூடு இல்லை, அதுதான் அவளை அறுத்தது. “ஃபோட்டோ எடுத்த கையோட கறுப்பு. அந்த ஒரு நாளைத்தான் அண்ணா பிடிச்சு வெச்சிருந்தான்.”

மன்சூர் அலி எழுந்தார். “சார், இந்தப் புள்ளைய நான் இப்பவே…”

“இருங்கோ மன்சூர். நானும் உங்ககிட்ட கோடுன்னு மட்டும்தான் சொன்னேன். இன்னொரு பக்கத்தைத் தொடாதேங்கோன்னு சொல்லத் தோணலை எனக்கு.” அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எண்கள் இருந்த இடத்தைக் காட்டினார். “இதையும் துடைங்கோம்மா. நான் பாத்துண்டிருக்கேன்.”

“என்னால முடியாது சார். போயிரும்.”

“எனக்குக் கை நடுக்கம். அந்தத் தம்பி அவசரக்காரர் மாதிரி இருக்கார். நீங்கதான் துடைக்கணும். போச்சுன்னா என் கண்ணு முன்னாடியே போகட்டும்.”

அவள் வாழ்க்கையில் எதற்கும் இவ்வளவு பயந்ததில்லை. பஞ்சைப் பிழிந்து, காது குடையும் குச்சியின் நுனியில் சுற்றி, எண்ணின் ஓரத்திலிருந்து தொடங்கினாள். பொன் மஞ்சள் கரைந்தது. கறுப்பு கரைந்தது. அவர் மூச்சு அவள் தோள் பக்கத்தில் கேட்டது. சாம்பல் வந்தது. சாம்பலுக்கு மேல், கொஞ்சம் சாய்ந்த கையெழுத்தில், முதல் எண் வந்தது. அப்புறம் அடுத்தது. கடைசி எண்ணின் வால் மட்டும் பஞ்சோடு போய்விட்டது. அவள் நிறுத்தினாள்.

“போதும்,” என்றார் அவர்.

பித்தளை தெரிகிற எஞ்சினை அப்படியே துணியில் சுற்றச் சொன்னார். நாளைக்கு இப்படியே வைப்பாரா, கறுப்புப் பக்கத்தைத் திருப்பி வைப்பாரா என்று அவள் கேட்கவில்லை. வாசலில் அவர் நின்று, சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்தார்.

“உங்க நம்பர் சொல்லுங்கோ. எங்கிட்ட இன்னும் ரெண்டு எஞ்சின் இருக்கு. இனிமே மன்சூர்கிட்ட சொல்லி அனுப்ப மாட்டேன். எதைப் பண்ணணும், எதைத் தொடக் கூடாதுன்னு உங்ககிட்டயே நேரா சொல்லிடறேன்.”

சுலைகா வாயைத் திறந்தாள். தன்னுடைய சொந்த நம்பர் நினைவுக்கு வரவில்லை. யாசர்தான் சொன்னான். மன்சூர் அலி அவள் பக்கம் பார்க்காமலே, “நாளைக்கு வெள்ளனா வா, கோப்பை நிறையக் கெடக்கு” என்றார்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவள் விரல்களில் டர்பன்டைன் வாடை அடித்தது. ஃபோன் ஒவ்வொரு முறை அதிரும்போதும், மாட்டுங்காவிலிருந்து இருக்குமோ என்று நடையை நிறுத்தி எடுத்துப் பார்த்தாள்.